பன்னிரண்டு மணி ஆகாத போயா நாள்

எங்கேயாவது ஒரு கைக்குழந்தை பசித்து அழுதால் எனக்குப் பகல் பன்னிரண்டு மணி ஆகிவிடும். காலை ஏழரைக்கு அழுதாலும் சரி, அந்தி மயங்கி அழுதாலும் சரி. நேற்று இரத்தினபுரி பஸ் நிலையத்தில், பலாங்கொடை பஸ்ஸின் பின்னிருக்கையில் ஒன்று அழுதது. முதலில் ஒரு சிணுங்கல். பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன இடைவெளி. பிறகு கூரைத் தகரத்தைக் காற்று பிய்த்தெடுப்பதுபோல ஒரே வீச்சு. என் கை தானாகப் பைக்குள் போய்க் கண் மருந்துச் சீசாவைத் தேடியது. சீசா காலியாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தலைக்கு அது தெரியும், கைக்குத் தெரியாது. இருந்தாலும் நான் கையைத்தான் நம்புகிறேன். என் தலையை நம்பி அடுப்பில் பால் வைப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. மழையைப் பற்றி ஒரு வரி தோன்றினால் குடையை விட்டுவிட்டு வருகிறவள். இறங்கவேண்டிய தரிப்பிடத்தில் ஒரு மஞ்சள் பூ நின்றால் அதைப் பார்த்தபடியே அடுத்த ஊருக்குப் போய்விடுகிறவள். இதே நான் ஒரு ஆணாகப் பிறந்திருந்தால், "ஏதோ யோசனையில இருக்காரு" என்று தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்திருப்பார்கள். பெண்ணாகப் போனதால், குடும்பத்தில் யார் பிறந்தது எப்போது, யார் செத்தது எப்போது, யாருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் என் தலைக்குள் அடுக்கி வைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தலைக்குள் இருப்பது மூடுபனி. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

என் தம்பிக்கு நாற்பத்திரண்டு. பலாங்கொடையில் ஓட்டோ ஓட்டுகிறான். அவன் மறந்தால் அம்மா சிரிப்பாள். "ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" நான் மறந்தால் அதே அம்மா நெற்றியில் அடித்துக்கொள்வாள். "பொம்பளையா பொறந்துட்டு இதுகூட ஞாபகம் இல்லயா?" எழுபத்தெட்டு வயது அப்பா மறந்தால் அது வயசு. எழுபத்திரண்டு வயது அம்மா மறந்ததாக எங்கள் வீட்டு வரலாற்றில் பதிவே இல்லை. அவள் எதை மறந்தாளோ அது முதலிலிருந்தே தேவையில்லாத காரியமாக மாறிவிடும்.

அவர்கள் இருவரும் இருப்பது பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில். அப்பா அந்தத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சங்கு ஊதினவர். முப்பது வருடத்துக்கும் மேலாக. விடியலில் ஆளெடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிட ஒன்று, பகலில் கொழுந்து நிறுக்க ஒன்று, சாயந்திரம் வேலை விட ஒன்று. அவர் விசையை இழுத்தால் மலை முழுக்க முதுகு நிமிரும். இப்போது ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியேறி வேறு தோட்டத்துக்குப் போகிறது. சங்கின் வாயில் மைனா கூடு கட்டியிருக்கிறது. ஆனாலும் நேரம் என்று வந்தால் எங்கள் வீட்டில் கடைசிச் சொல் அப்பாவுடையதுதான். "நேரத்தைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றீங்க? இந்தத் தோட்டத்துக்கே நேரம் ஊதினவன்டா நான்."

அந்த மனிதரின் கண்தான் போய்க்கொண்டிருந்தது. வலது கண் முழுக்கப் பால். இடது கண்ணில் நடுப்பகலிலும் விடியற்காலை. கொடியில் காயப்போட்டிருந்த மழைக்கோட்டுக்கு ஒருநாள் சலாம் வைத்து, "வீட்ல எல்லாரும் சொகமாங்க?" என்று விசாரித்திருக்கிறார். கோட்டு பதில் சொல்லாததில் அவருக்கு வருத்தம். "பெரிய ஆளாயிட்டா இப்படித்தான்" என்று ரெண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதிலெல்லாம் அவருக்குப் பெரிய குறையில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். கக்கூஸ் லயத்துக்குக் கீழே, இருபத்து மூன்று படி இறங்கிப் போகவேண்டும். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். வெளியே நின்று, பத்து வீட்டுக்கும் கேட்கும்படி, "ஏங்க, முடிஞ்சிருச்சா?" என்பாள். உள்ளேயிருந்து பதில் வராது. "முடியலையா?" என்று இன்னும் சத்தமாகக் கேட்பாள். கீழ் வரிசையிலிருந்து யாராவது சிரிப்பார்கள்.

"ஒரு மனுசன் தனியா போகணும், தனியா வரணும். இதத்தான் நான் கேக்குறேன். வேற என்னா கேட்டேன்?" என்று அப்பா என்னிடம் ஒருமுறை போனில் சொன்னார். அப்போது அவர் குரலில் விளையாட்டு இருக்கவில்லை.

இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் கண் வெட்ட நாள் கொடுத்தார்கள். அந்த நாளை நாங்கள் விட்டோம். சரியாகச் சொன்னால், நான் விட்டேன். நாள் தை மாதத்தில். அதை ஞாபகமாக அவர்கள் வீட்டுக் கலண்டரில் எழுதிவிட்டு வந்தேன், டிசம்பர் தாளின் கீழே, சிவப்பு மையில், சுற்றி ஒரு வட்டம் போட்டு. வருடம் பிறந்ததும் அம்மா புதுக் கலண்டரை மாட்டிவிட்டு, பழையதை அலுமாரித் தட்டில் விரித்துச் சீனி டின்னை மேலே வைத்துவிட்டாள். மாசியில் சீனி முடிந்து டின்னைத் தூக்கியபோது அடியில் என் சிவப்பு வட்டம் இருந்தது, எறும்புகளோடு.

மறுபடி கெஞ்சிக் கேட்டு இன்னொரு நாள் வாங்கினோம். இம்முறை பொசொன் போயா, அந்தப் பௌர்ணமி விடுமுறை, கழிந்து இரண்டாம் நாள். சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று நாளும் வலது கண்ணுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, படுக்கப் போகும்போது. மருந்து ஒழுங்காக விடாமல் வந்தால் கண்ணில் கை வைக்கமாட்டோம் என்று நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். என் தொழிலே அதுதான், ஒரு அலுவலகத்தில் கடிதங்களை அந்த மொழியிலிருந்து இந்த மொழிக்கு மாற்றுவது. இந்த நாளும் போனால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இடது கண்ணும் பால் கட்டிவிடும்.

நான் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு மலையேறினேன்.

முதல் நாள் காலை ஆறு மணிச் சொட்டு அருமையாக விழுந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம், குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல. பகல் பன்னிரண்டுக்கு என் போனைப் பார்த்து நான் போய் ஒரு சொட்டு விட்டேன். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். நான் கிணற்றடிக்குப் போனதும் அம்மா வந்து ஒரு சொட்டு விட்டிருக்கிறாள். அவள் என்னை நம்பவில்லை. அவள் கோழிக்குத் தீனி போடப் போனதும் தம்பி ஓட்டோவை மேலே ஏற்றிக்கொண்டு வந்து, அலாரம் இன்னும் அலறும் போனை ஒரு கையிலும் சீசாவை மறுகையிலும் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு. அவன் எங்கள் இருவரையும் நம்பவில்லை. அப்பா மூன்று பேருக்கும் பொறுமையாகக் கண்ணைக் காட்டினார்.

மாலை ஆறு மணிக்குக் காட்ட மறுத்தார்.

"நாலு வேளன்னுதானே மிஸ் சொன்னாங்க? காலையில ஒண்ணு, பகல்ல மூணு. நாலும் முடிஞ்சிருச்சு. போங்க."

"அப்பா, பகல்ல மூணா? யாரு விட்டது?"

"ஒவ்வொருத்தரா வந்து விட்டீங்க. நான் என்னா, டிக்கட்டா கிழிச்சுக் குடுக்க?"

தம்பி நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் செய்தான், தான் விட்டது ஒரு சொட்டுதான் என்று. அம்மா சத்தியம் செய்யவில்லை. அவள் விட்டது ரெண்டு என்று பிறகு தெரிந்தது, "பெரிய மனுசன் கண்ணுக்கு ஒண்ணு எப்படிக் காணும்" என்பது அவள் கணக்கு.

அன்று அடுப்படியில் கூட்டம் போட்டோம். ஒரே ஒருவர்தான் பொறுப்பு, மற்றவர்கள் சீசாவைத் தொடக்கூடாது. யார் அந்த ஒருவர்?

"அக்காகிட்ட குடுக்காதீங்க" என்றான் தம்பி. "அங்க பாருங்க அலுமாரியில. அட்டவணை எழுதி ஒட்டியிருக்கா. படிக்கிறேன் கேளுங்க. 'காலை ஆறு, ஒரு சொட்டு.' சரி. 'பகல் பன்னிரண்டு, ஒரு சொட்டுக்குள் ஒரு மலை.' இது கொஞ்சம் போகுது. 'மாலை ஆறு, வெளிச்சம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்குகிறது.' இதுல எத்தன சொட்டுன்னு எங்க எழுதியிருக்கா?"

எனக்கு அந்த மூன்றாவது வரி பிடித்திருந்தது. அதைச் சொல்லும் நேரமாக அது இல்லை.

"ஒன் போனு மட்டும் என்னா? சத்தம் போடும், எந்திரிச்சு வந்து மருந்து விடுமா?" என்று அம்மா அவனையும் மடக்கினாள். "ஆம்பள ஞாபகம் எல்லாம் பாக்கெட்டுல இருக்கு. பாக்கெட்ட கழட்டிப் போட்டா போச்சு."

"அப்ப நானே பாத்துக்குறேன்" என்றார் அப்பா. "நேரம் எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு கண்ணு தெரியலைங்க."

"நேரத்த கண்ணாலயா பாக்குறது?"

கடைசியில் பொறுப்பு அம்மாவுக்குப் போனது. வயது இருக்கிறது, பெண்ணாக இருக்கிறாள், மறந்ததாகப் பதிவும் இல்லை. அவள் சீசாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குள்ளே ஒரு பெரிய கல் உருண்டு இறங்கிப் போனது. ஒரு காரியத்தை அம்மாவிடம் கொடுத்த பிறகும் அதை நினைத்துக்கொண்டிருந்தால் அது அவளை அவமதிப்பது. அதனால் நான் சுத்தமாக மறந்தேன்.

மறுநாள் போயா.

வானம் முழுக்க ஒரே சாம்பல். வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, மேகம் பாத்திகளுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் ஐந்தேமுக்காலில் நின்றிருந்தது, அதன் பற்றரியை எடுத்து ரிமோட்டில் போட்டிருந்தார்கள், அப்பா டீவியில் மேட்ச் கேட்பதற்காக. என் போன் உள்ளே சார்ஜில். தம்பி டவுனில், போயாவுக்குச் சும்மா தின்னக் கொடுக்கும் தன்சலில். தோட்டத்தில் வேலை இல்லை. காலை ஆறு மணிச் சொட்டை அம்மா அடிவாரத்துப் பன்சலையில், புத்த கோவிலில், பிரித் ஓதும் ஓசையைக் கேட்டுச் சரியான நேரத்துக்கு விட்டாள். நான் கதவோரம் உட்கார்ந்து என் நீல அட்டைக் கொப்பியில் மேகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் கீரை ஆய்ந்தாள். அப்பா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காலை மெதுவாகப் போனது. பிறகும் காலை மெதுவாகப் போனது.

"அம்மா, பசிக்குதே" என்றேன்.

"பன்னெண்டாகட்டும்."

இன்னொரு பக்கம் எழுதினேன். கீரை முடிந்து அம்மா கௌபிப் பயறு பொறுக்க ஆரம்பித்தாள்.

"இந்தா புள்ள" என்று கட்டிலிலிருந்து அப்பா, அம்மாவிடம். "இன்னிக்கிப் பொழுது கொஞ்சம் நீளமா இல்ல?"

"போயான்னா அப்படித்தாங்க."

"அது சரி."

எனக்கும் அது சரியாகவே பட்டது. அம்மா எதற்காகக் காத்திருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளுடைய பன்னிரண்டு மணி, கொழுந்து நிறுக்கப் பெண்கள் வீட்டுப் பின்பாதையில் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சளசளவென்று பேசி இறங்கும் சத்தம். தினமும் அவர்கள் இறங்குவார்கள், அவள் எழுந்திருப்பாள். அன்று போயா. யாரும் இறங்கவில்லை. அதனால் பன்னிரண்டு ஆகவில்லை. மலையில் யாரும் வேலை செய்யவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும், பன்னிரண்டு மணிக்கு அவர்கள் இறங்குவார்கள் என்பதும் தெரியும். இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் அன்று ஆளில்லை.

டவுனில் பன்னிரண்டுக்குச் சரியாகத் தம்பியின் பாக்கெட்டில் அலாரம் கத்தியிருக்கிறது. ஐஸ்கிரீம் தன்சல் வரிசையில் அவனுக்கு முன்னால் ஆறு பேர். பின்னால் நின்ற சிங்கள அம்மா ஒருத்தி "மொகத மல்லி ஏ?" என்று அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்க, அவன், "தாத்தாகே பெஹெத்" என்று பக்தியாகச் சொல்லி, அலாரத்தை அணைத்துவிட்டு, அம்மா பார்த்துக்குவாங்க என்று ஒரு அடி முன்னால் நகர்ந்திருக்கிறான். அப்பாவின் மருந்து என்று கேட்டு அந்த அம்மா வரிசையில் சொல்லி, அவனுக்கு முன்னால் நின்ற இருவரைத் தாண்டவைத்தாளாம். அவன் இதை இன்றும் பெருமையாகச் சொல்வான்.

எவ்வளவோ நேரம் கழித்துப் பக்கத்துக் காம்பராவில் ஆறு மாதக் குழந்தை அழுதது.

சிணுங்கல். மூச்சிழுப்பு. வீச்சு.

அம்மா கௌபிச் சுளகை அப்படியே கீழே வைத்தாள். அவள் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை, முகம் கௌபியிலேயேதான் இருந்தது, கால் மட்டும் எழுந்து நடந்தது. கேத்தலை அடுப்பில் ஏற்றினாள், சாயம் போட்டாள், ஊற்றி ஆற்றி, கோப்பையைக் கொண்டுபோய் அப்பாவின் கையில் வைத்தாள். அப்பா ஒரு மிடறு குடித்தார். கோப்பையைத் தடவிப் பக்கத்தில் வைத்தார். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, மூடிய ஸ்டோர் இருக்கும் திசையைப் பார்த்து,

"ஊஊஊஊஊஊ..." என்று ஊதினார்.

அவர் தொண்டைக்குள் அத்தனை பெரிய சங்கு இருந்தது எனக்குத் தெரியாது. லயத்து நாய் நான்கும் சேர்ந்து ஊளையிட்டன. மைனாக் கூட்டம் கிளம்பியது. கதவுகள் திறந்தன. மூன்றாம் காம்பராவிலிருந்து ஒருத்தி தலையை நீட்டி, "மாமா! ஸ்டோரத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஒரு கிழவர் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர்.

நான் கொப்பியைப் போட்டுவிட்டு எழுந்தேன். "அம்மா, மருந்து!"

உள்ளே ஓடிப் போனைப் பார்த்தேன். ஒன்று இருபது.

அம்மா இடுப்பிலிருந்து சீசாவை எடுத்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவதுதான் கண்ணுக்குள் போனது. "ஒண்ணு இருவதுக்கு விட்டா கணக்குல சேருமாடி?" என்று என்னிடம் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் அம்மா மறந்தது அதுதான் முதல் முறை, அதை மறைக்க அவளுக்கே வழி தெரியவில்லை. சேரும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? தெரிந்த மாதிரி சொன்னேன்.

அவளை வேறு பேச்சில் இழுக்கத்தான் அப்பாவிடம் கேட்டேன். "நீங்க எப்படிப்பா இப்ப எந்திரிச்சு ஊதினீங்க?"

"தேத்தண்ணி வந்திச்சே."

"தேத்தண்ணி வந்தா?"

"ஊதுவேன். பகல் சங்கு எப்பவும் அப்படித்தான். ஒங்கம்மா புள்ளக் காம்பராவுலருந்து தேத்தண்ணி அனுப்புவா. வந்தா பன்னெண்டு. முப்பது வருசத்துல ஒருநாள் பிந்தினதில்ல."

அம்மா வேலை பார்த்தது பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். நான் அம்மா பக்கம் திரும்பினேன். "நீங்க எதப் பாத்து தேத்தண்ணி அனுப்புவீங்க?"

"எதப் பாக்குறது? புள்ளைங்க அழுவும். பத்துப் பன்னெண்டும் ஒண்ணா பாலுக்கு அழுவும். அப்ப பன்னெண்டுன்னு அர்த்தம். கேத்தல வைப்பேன்."

"புள்ளைங்களுக்கு எப்படிப் பன்னெண்டுன்னு தெரியும்?"

"அந்த நேரத்துக்குத்தானே தாய்மாரு பால் குடுக்க எறங்கி வருவாளுங்க. பழகிருச்சு."

"தாய்மாரு எதப் பாத்து எறங்குவாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா எங்களிருவரும் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"சங்கு ஊதினா எறங்குவாளுங்க" என்றாள் அம்மா, மெதுவாக.

வெளியே மேகம் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாறி உட்கார்ந்தது.

"ஸ்டோருல மணிக்கூடு இருந்திச்சே அப்பா?"

"இருந்திச்சு. அது கொஞ்சம் பிந்தி ஓடும். டீமேக்கரய்யா தெனம் சங்கு ஊதின பொறகு அதத் திருப்பி வைப்பாரு."

நான் முதலில் சிரித்தேனா, அம்மா முதலில் சிரித்தாளா தெரியாது. முப்பது வருடம் ஒரு முழுத் தோட்டமும், கங்காணியும் கணக்கப்பிள்ளையும், சங்கைக் கேட்டுப் புறப்பட்ட பஸ்ஸும்கூட, பல் முளைக்காத பத்துப் பிள்ளைகளின் வயிற்றை நம்பி ஓடியிருக்கிறது. அழுத பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று யார் கண்டது? ஞாபகத்துக்கு வயது வேண்டும் என்று நினைத்தவர்கள் நாங்கள். ஆறு மாதம் போதும்போலிருக்கிறது, பிறகு தேய்மானம்தான். என் வயதில் நான் மறப்பதற்கும் ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருந்தது: எனக்குப் பசித்தால் நான் அழுவதில்லை, பிஸ்கட் சாப்பிட்டுவிடுகிறேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் ஊதினது பன்னெண்டு இல்லயா?" என்றார்.

"நீங்க ஊதினதுதாங்க பன்னெண்டு" என்றாள் அம்மா. "அப்பறம் வேற எது?"

மூன்றாம் நாள் நாங்கள் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. தம்பி ஓட்டோவை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஹயர் சவாரி போகாமல் உட்கார்ந்தான். நான் பேனாவைத் தொடவில்லை. அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், பதினொன்றரைக்கே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "பாப்பாவ கொஞ்சம் குடு, ஒரு வேலைக்கு" என்று குழந்தையைக் கடன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான்கு பெரியவர்கள் ஒரு குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தது. பிறகு தூங்கிவிட்டது. பின்பாதையில் பெண்கள் சாக்கோடு இறங்கினார்கள், அலாரம் கத்தியது, சொட்டு விழுந்தது. அது எதற்கும் எழுந்திருக்கவில்லை.

"இதுவும் மறந்திருச்சு" என்றார் அப்பா, திருப்தியோடு.

சத்திரசிகிச்சை நாள். விடியுமுன் நான் கதவைத் திறந்தபோது ஓட்டோ ஏற்கனவே வாசலில் நின்றது. பின்சீட்டில் தம்பி காலை மடக்கிப் படுத்திருந்தான், மார்பில் போன். பிந்திவிடுவோமோ என்று பயந்து வீட்டுக்கே போகாமல் அங்கேயே படுத்திருக்கிறான். எழுப்பிய பிறகுதான் அவனுடைய அலாரம் அடித்தது. "பாத்தியா? நேரத்துக்கு அடிக்குது" என்றான்.

என் பொறுப்பு கிளினிக் கொப்பி. அது இல்லாமல் வார்டில் சேர்க்கமாட்டார்கள். நான் அதை முந்தின நாளே பையில் வைத்தேன், மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். இரத்தினபுரிக்குப் போய், வரிசையில் நின்று, எங்கள் முறை வந்ததும் எடுத்து நீட்டினேன். மிஸ் திறந்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இருந்தும் வரிகள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருப்பதைக் கண்டு ஏதோ புரிந்திருக்கவேண்டும். கிளினிக் கொப்பி, என் கவிதைக் கொப்பி, ரெண்டும் ஒரே கடையில் வாங்கினது, ஒரே நீல அட்டை. நான் மூன்று தடவை தொட்டுப் பார்த்தது மேகத்தை.

கிளினிக் கொப்பி பலாங்கொடைக்கு மேலே, அலுமாரியில். இரண்டாவது தடவையாக நான்.

தம்பி ஓட்டோச் சாவியை எடுத்துவிட்டான். போய் வர மதியமாகும், அதற்குள் பெயர் வாசித்து முடித்துவிடுவார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு, பனியனுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலிருந்து நீல அட்டைக் கொப்பி ஒன்றை எடுத்து, மிஸ்ஸுக்குப் பக்கத்துத் தூணிடம் நீட்டினார். நான் அவர் கையை மிஸ் பக்கம் திருப்பினேன்.

"எப்ப எடுத்தீங்க?" என்றேன்.

"அன்னிக்கே எடுத்துட்டேன், அடுப்படியில கூட்டம் போட்டீங்களே, அப்ப. ஒருத்தனுக்கு போனு. ஒருத்திக்கு கவித. ஒருத்திக்கு இடுப்பு. நானும் ஏதாச்சும் ஒண்ணு வச்சுக்கணும்ல?"

மிஸ் கொப்பியைப் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் ஒழுங்காக விட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "ஒவ் மிஸ்" என்று தலையாட்டினோம். அப்பா மட்டும், "வெடியென் தாலா தியெனவா மிஸ்" என்றார். கூடுதலாகவே விட்டிருக்கிறார்கள். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலது கண் நன்றாக வந்தது. இப்போது அவர் தனியாக இருபத்து மூன்று படி இறங்குகிறார், தனியாக ஏறி வருகிறார். போன இடத்தில் வாளியை மறந்துவிட்டு வருகிறார். அம்மா மேலே வாசலில் நின்று பத்து வீட்டுக்கும் கேட்கும்படி, "ஏங்க, வாளி!" என்கிறாள். மழைக்கோட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் அன்று காலை எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வார்டு வாசலில் ஒரு பச்சைச் சட்டையைப் போட்டு அவரை நிறுத்தியிருந்தார்கள். சட்டைக்கு முதுகில் நாடா. ஆண்கள் வார்டு, நாங்கள் உள்ளே போகமுடியாது. இனிப் பகல் பன்னிரண்டுக்குத்தான் பார்க்க விடுவோம் என்று வாசலில் நின்றவர் சொன்னார். அம்மா அப்பாவின் கையை விடவில்லை. ஒரு வருடமாகப் பிடித்துப் பழகிய கை, அது தானாக விடவில்லை. அப்பாதான் விரல் விரலாக விடுவித்தார். பச்சைச் சட்டை நாலு எட்டு உள்ளே நடந்தது, தனியாக, சுவரைத் தொட்டுக்கொண்டு. பிறகு நின்று, எங்களுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பி, அங்கே அம்மா நிற்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தா புள்ள, தேத்தண்ணியோட வா. நீ கொண்டு வரலன்னா இந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் பன்னெண்டு மணி ஆகாது."